உன் கை நேராகத்தான் இருந்தது

மக்கா,

மஸ்கட்டுக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் நீ மேசைக் கணினியில் இருந்த மிதவை வரைபடங்களை ஒன்றுவிடாமல் அழித்தாய். நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "இனி எனக்கு இது வேண்டாம்மா. தண்ணியில கெடக்குற ஒண்ணையும் நான் வரையமாட்டேன். எனக்க கை ராசியில்லாத்த கையாக்கும்" என்றாய். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். எதற்கும் ஒரு பகடி வைத்திருக்கும் அம்மா இதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள் என்று நீ நினைத்திருக்கலாம். என்னிடம் பகடி இல்லை. வேறொன்று இருந்தது. மிதவையில் நீ வைத்த அந்த நீளக் கையில் ஒரு பிழையும் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். பக்கத்தில் ஷைனி உன் பெட்டியில் மாங்காய் ஊறுகாய்க் குப்பியைத் துணி சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. ஏன் என்று இந்தக் கடிதம் முடிவதற்குள் உனக்கு விளங்கும்.

நான் எப்படிப்பட்ட பிள்ளையாக இருந்தேன் என்று உன் மாமாக்கள் உனக்கு நிறையச் சொல்லியிருப்பார்கள். பள்ளியில் படிக்கும்போது பாறசாலை ரயில் நிலையத்தில், அறிவிப்புச் சொல்லும் பெண்ணின் குரலை அப்படியே மூக்கில் கொண்டுவந்து, ரயில் எதிர் மேடைக்கு வருகிறது என்று மலையாளத்தில் கணீரென்று சொன்னேன். மேடை முழுக்கப் படியேறி இறங்கியது. கூடை வைத்திருந்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவர்கள், என் தலைமை ஆசிரியை, எல்லாரும். வீட்டில் நல்ல அடி கிடைத்தது. ஆனால் அன்று நான் கற்றதைத்தான் பிறகு வேலையாகச் செய்தேன். ஒரு குரலை நம்பிப் பலபேர் படியேறுகிறார்கள் என்றால், அந்தக் குரல் சரியாக இருந்தாக வேண்டும். கடலின் நிறத்தை அளக்கும் விண்கலம் மேலே இருந்து பார்க்கும்போது அதன் கண்ணில் படுவதில் பெரும்பங்கு வானத்தின் வெளிச்சம். கடலின் உள்ளிருந்து திரும்பி வருவது அதில் ஒரு கீற்று. அந்தக் கீற்றின் நிறம் இன்னது என்று தண்ணீரிலேயே கிடந்து சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மிதவை. அது தப்பாகச் சொன்னால் மேலே உள்ளது தன் கணக்கைத் தப்பாகத் திருத்திக்கொள்ளும். பிறகு உலகத்துக் கடலெல்லாம் தப்பாகும். உன் அப்பாவுக்கு இது என்றைக்கும் ஏறியதில்லை. "கடலுக்க நெறம் நீலம்னு சொல்ல ஒரு ஆபீஸு, அதுக்கு ஒரு சம்பளம்" என்பார். "ரப்பர் பால் வெள்ளன்னு தெரிஞ்சும் நீங்க தெனமும் விடியக்கால போய்ப் பாக்கியளே, அதுபோலத்தான்" என்பேன். ஆரியங்கோட்டுத் தோட்டத்துக்கு அவர் கிளம்பிப் போகும்வரை சின்னப் பிள்ளையான நீ மேசைக்கடியில் இருந்து சிரிப்பாய்.

நீ எங்கள் குழுவுக்கு வந்தபோது நான் செய்த மிதவைகள் எல்லாம் தோற்றுக்கொண்டிருந்த காலம். ஒன்றைச் சங்கிலியோடு காணவில்லை. இன்னொன்று கரைக்கு வந்தபோது சூரியத் தகடும் மின்கலமும் கழற்றப்பட்டு, பல் பிடுங்கிய கிழவன் போல வந்தது. மிச்சம் இருந்தவை சொன்ன அளவையோ நம்ப முடியாது. மிதவை தன் நிழலைத் தானே தண்ணீரில் போட்டு, அந்த இருட்டை அளந்து கடல் இருட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தது. நீ வந்தபின் முதல் வெயில் காலத்தில், மாவு வற்றல் காயவைக்கும் நாளில், அப்பா பின்புறம் நீளத் தோட்டிக் கம்பால் மாங்காய் பறிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாய். "அம்மா, அப்பாக்க நெழல் காலடியில கெடக்கு. தோட்டிக்க நுனிக்கு அந்த நெழல் எட்டல்ல" என்றாய். "தோட்டி நீண்டா நுனி ஆடுமே மக்கா" என்றேன். "ஆடாத்த தோட்டி செய்யணும்" என்றாய். அதற்குப் பிறகு உனக்குச் சோறு தண்ணீர் கிடையாது. அடியில் தடித்து, நுனிக்குப் போகப்போக மெலிந்து, அலையில் மிதவை சாய்ந்தாலும் தான் சாயாமல் நிற்கும் கை. அதன் நுனியில் கீழ்நோக்கிய கண்ணாடி. பாசியும் கொட்டலசுச் சிப்பியும் ஒட்டாமலிருக்கக் கண்ணாடிக்குச் செம்பில் ஒரு இமை. அளக்கும்போது மட்டும் திறந்து, மற்ற நேரம் மூடிக்கிடக்கும். முதல் மாதங்களில் அது அனுப்பிய எண்களை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன். கழிவறைக்குப் போய்க் கதவை அடைத்துக்கொண்டு அழுதேன். உத்தியோகத்தில் சேர்ந்த நாள் முதல் நான் பார்க்க நினைத்த நீலம் அது.

அந்தச் சமயத்தில்தான் உன் நிச்சயம். கடற்கரைப் பெண் என்றதும் நம்முடைய சொந்தக்காரர்கள் என்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரியும். சபை வேறு, கரை வேறு, சமையல் வேறு என்றார்கள். எனக்கு ஷைனியைப் பிடித்திருந்தது. அவள் அப்பா மரியதாசனை அதைவிடப் பிடித்திருந்தது. அதிகம் பேசாத மனுஷர். நிச்சயத்தன்று சாப்பாட்டுக்குப் பிறகு அவர் என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார். "சம்பந்தியம்மா, வெளிக்கடலுல மஞ்சளா ஒண்ணு நிக்குதே, அது உங்களுக்கதா?"

எங்கள் வீட்டுக்காரர்கள் அவர் வீட்டு நாற்காலியில் பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்திருந்தார்கள், மக்கா. எனக்கு அது கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே குழைந்து பேசினேன். "எனக்கதென்ன உங்களுக்கதென்ன சம்பந்தி! இனி அது உங்க வீட்டுச் சொத்தாக்கும். மேல உள்ளது எங்களுக்கு, அடியில என்ன கெடந்தாலும் உங்களுக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நாற்காலிகளில் முழு உடம்பும் உட்கார்ந்தது. மரியதாசன் மட்டும் சிரிக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தவர் போலத் தலையை ஒருமுறை ஆட்டினார். நான் அதைப் பார்த்தேன். மரியாதைக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

நிச்சயம் கழிந்து சில வாரங்களில் நீலம் குறைய ஆரம்பித்தது. நாம் இருவரும் படகில் போய்ப் பார்த்தோம். கண்ணாடி பளிங்கு போல இருந்தது. இமை ஒழுங்காகத் திறந்து மூடியது. தகடு, மின்கலம், ஆணி ஒன்றுகூடக் களவு போகவில்லை. அதை நினைத்து நான் சந்தோஷப்பட்டேன், பார். அடியில் முங்கிப் பார்க்க ஆள் கேட்டோம். கடல் கொந்தளிப்பு என்று அனுமதி வரவில்லை. எண்கள் நாளுக்கு நாள் இருண்டன. கடைசியில் மதிப்பீட்டுக் கூட்டத்தில் வெளியூரிலிருந்து வந்தவர்கள், கை வளைந்து மிதவையின் நிழலுக்குள்ளேயே இறங்கியிருக்க வேண்டும், வேறு காரணம் தெரியவில்லை என்றார்கள். நீ உடனே எழுந்தாய். "வடிவமைப்பு என்னுடையது. பிழையும் என்னுடையது" என்றாய். யாரும் உன்னிடம் கேட்கவே இல்லை. இதை ஒரு புத்தியாகச் சொல்கிறேன், இனியாவது கேள். தோல்வியை அவசரப்பட்டுத் தன்னுடையது என்று வாங்கிக்கொள்வதிலும் ஒரு மிதப்பு உண்டு. மிதவை செய்கிறவர்களுக்கு மிதப்பு ஆகாது. காரணம் தெரியாதபோது தெரியவில்லை என்று சொல்லிவிட்டு உட்காருவதுதான் கடினம். நீ உட்காரவில்லை. உன்னைப் பிடித்து உட்கார வைக்க வேண்டிய நானும் பேசாமலிருந்தேன். என் மகன் எப்படி நிமிர்ந்து நிற்கிறான் என்று அந்த நேரத்திலும் ஒரு பெருமை. திட்டத்தை நிறுத்தினார்கள்.

பிறகு கல்யாணம். பெண் வீட்டு விருந்தில் வைத்த கணவாய்க் கறியைப் பற்றி வெள்ளறடைச் சித்தி இன்னும் பேசுகிறாள். "கணவாய்க்குக் கை பத்து, எங்க வீட்டுக் கணவருக்கு வாய் பத்து" என்று நான் சொல்ல, அவள் புரையேறிச் சிரித்தாள். நீ அன்று சாப்பிடவில்லை. இலையில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாய். நேர்கோடு. ஷைனி உன் இலையிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தின்றாள்.

நீங்கள் இருவரும் மூணாறுக்குப் போயிருந்த வாரத்தில் மிதவையை எடுத்துவரச் சொல்லி உத்தரவு வந்தது. ஆபீஸ் படகு பழுது. வாடகைக்கு மரியதாசனின் படகையே பேசினார்கள். சம்பந்தி வீட்டுப் படகில் போகிறேன் என்று நான் ஒரு நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன், கோமாளி மாதிரி. மிதவைக்குப் பக்கத்தில் போனதும் அவர் தன் ஆட்களை நிறுத்தினார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சங்கிலியைப் பிடித்து மெல்ல மேலே இழுத்தார்.

தேங்காய் உதிர்த்த வெறுங்குலைகள் வந்தன, மக்கா. ஒன்றன்பின் ஒன்றாக, கயிற்றில் கோத்து, உன் கைக்குக் கீழே, மேலிருந்து தெரியாத ஆழத்தில் தொடங்கிச் சங்கிலியின் அடிவரை. நார்நாராகப் பாசி. குலைக் காம்புகளில் திராட்சைக் கொத்துப் போலக் கணவாய் முட்டை. சுற்றிலும் பொடிமீன் கூட்டம் கறுப்பாக. கணவாயை இழுக்கக் கரைக்காரர்கள் இறக்கும் குலை அது.

"பாத்தியளா சம்பந்தியம்மா?" என்றார். "நீங்க தந்த எடமாக்கும். நிச்சயத்துக்க மறுவாரமே குலை எறக்கிட்டேன். கல்யாணத்துக்கு வச்ச கணவா பூரா இதுக்க அடியில பிடிச்சதாக்கும். குலை கட்டுனது மருமவனுக்க பேருல."

"ஒரு வார்த்த சொல்லல்லியே சம்பந்தி" என்றேன்.

"குலை கட்டுன எடத்த வாயால சொல்லப்பிடாது. கூடப்பொறந்தவன்கிட்டயும் சொல்லமாட்டோம். சொன்னா எடம் போச்சு. மவள கெட்டிக் குடுத்தப்பொறவு மருமவனுக்கு மட்டும் கூட்டீட்டு வந்து காட்டுவோம். அவன் இப்பம் மூணாறுல. அதான் உங்களுக்குக் காட்டுதேன்." பிறகு இன்னும் நெருங்கி வந்து சொன்னார். "ரெண்டு தரம் வேற படகுக்காரனுவ தகடக் கழத்த வந்தானுவ. வெரட்டி விட்டேன். எனக்க மருமவன் செய்த சாதனம், தொட்டா கைய வெட்டுவேன்னு சொன்னேன். ஒரு ஆணி போயிருக்கா, பாருங்க."

ஒரு ஆணி போகவில்லை. நாங்கள் செய்ததிலேயே முழுதாகக் கரைக்குத் திரும்பிய ஒரே மிதவை அது. காவல் காத்தவரும் அவர், கடலின் நிறத்தை மறைத்தவரும் அவர். இரண்டையும் ஒரே அன்பில் செய்திருக்கிறார். கண்ணாடி கீழ்நோக்கிப் பார்க்கிறது. கீழே இருந்து வரும் வெளிச்சத்தைக் குலையும் பாசியும் மீனும் தின்றுவிடுகின்றன. குலையின் சாறு தண்ணீரைத் தவிட்டு நிறமாக்குகிறது. உன் கை கண்டதை உள்ளபடி சொல்லிக்கொண்டே இருந்தது. நாம்தான் நம்பவில்லை. நான் அவரிடம், "நல்லா இருக்கு சம்பந்தி" என்றேன்.

கரைக்கு வந்ததும் கையின் அடியிலிருந்து நுனிவரை நூல் பிடித்துப் பார்த்தேன். நேராக இருந்தது. இன்னொரு முறை பிடித்தேன். நேராகத்தான் இருந்தது. படம் எடுத்துக்கொண்டு மறுநாள் எங்கள் தலைமை அதிகாரியிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. பார்த்ததும் அவருக்கே விளங்கியது. "இது ஆரு கெட்டியதா மாடம்? பேரு வேணும். பேரில்லாத்த பராதி எங்ஙனெ கொடுக்கும்?" என்றார். அரசுச் சாதனத்தில் கை வைத்தவன் பெயரோடு காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால்தான் மூடிய கோப்பு திறக்கும். பெயர் இல்லையென்றால் கை வளைந்ததாகவே இருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். நெய்யாற்றின்கரையில் பஸ் மாறும்போது எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று தெரியாமல் நின்றேன். நான் பிறந்து வளர்ந்த வழி.

அவர் பெயரை எழுதினால் நீ திரும்பக் கிடைப்பாய். வரைவாய், திட்டுவாய், பழையபடி சோற்றை மறப்பாய். ஆனால் ஷைனி இந்த வீட்டில் எப்படி நடமாடுவாள்? உள்நாட்டுக்காரர்கள் கரைக்காரரைப் போலீசில் காட்டிக்கொடுத்தார்கள் என்று ஆன பிறகு நான் யாருடைய நாற்காலியில் உட்காருவேன்? அவர் பெயரை எழுதாவிட்டால் நீ மஸ்கட்டில் குழாய் வெல்டிங்கைச் சோதிக்கும் கம்பெனியில் உட்கார்ந்து, வாழ்நாள் பூரா உன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாய். நான் எழுதவில்லை. நீ வரைபடங்களை அழித்தபோதும் சொல்லவில்லை. விமான நிலையத்திலும் சொல்லவில்லை. நீ திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாய்.

போன வாரம் ஒரு பெயரை எழுதிக் கொடுத்தேன். என் பெயரை. மிதவையின் அடியில் குலை கட்ட வாய்மொழியாக அனுமதி கொடுத்தவள் நான், கட்டியவர் அந்த அனுமதியை நம்பிக் கட்டினார், குற்றம் அனுமதித்தவளுடையது என்று எழுதினேன். இதைத் தியாகம் என்று நீ நினைத்துவிடாதே, எனக்குக் கோபம் வரும். இது நடந்ததுதான். அந்த மனுஷர் என் வார்த்தையை வார்த்தையாக எடுத்துக்கொண்டார். நான் அதைப் பகடியாகச் சொன்னேன். பகடி செய்கிறவர்களுக்கு உள்ள சாபம் இது. நம்புகிறவன் எதிரே வந்து நிற்கும்வரை நாம் பொய் சொன்னோம் என்றே நமக்குத் தெரியாது. உனக்கும் என் நாக்கு கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. கவனமாக இரு. முக்கியமாகப் பெண் எடுத்த வீட்டில்.

இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆகாது. அதிகாரி என் காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இந்த மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. விசாரணை முடியும்வரை ஓய்வூதியக் காகிதம் நகராது. கோப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். 'வடிவமைப்பில் பிழை இருந்ததாகக் கருத இடமில்லை' என்று. உன் பெயர் அதில் இல்லை. திட்டத்தைத் திரும்பத் தொடங்கப் போவதும் இல்லை. குலை கட்ட விடாவிட்டால் கரைக்காரன் மிதவையைக் காக்கமாட்டான், காக்காவிட்டால் மிதவை மிஞ்சாது, பிறகு எப்படி என்று அதிகாரி என்னைக் கேட்டார். நாற்பது வகையாக வரைந்து பார்த்தாலும் மிதக்கிற பொருளுக்கு அடியில் உயிர் வந்து கூடும், உயிர் கூடினால் மனுஷன் வருவான். ஆளே இல்லாத கடல் வேண்டும் நமக்கு. அப்படி ஒரு கடல் நம் பக்கத்தில் இல்லை. மிதவையைக் கொட்டகையில் வைக்கும்போது கதவின் அகலம் போதவில்லை. கையை அறுத்துத்தான் உள்ளே வைத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். ரம்பம் பாதிவரை போய்ச் சிக்கிக்கொண்டது. இவ்வளவு உறுதியாக யார் செய்தது என்று அறுத்தவன் கேட்டான். சொன்னேன்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். திரும்பி வா என்று கேட்கவில்லை. வர இங்கே ஒன்றும் இல்லை. மறுபடி வரை என்றும் கேட்கவில்லை. உன் கை ராசியில்லாத கை என்று மட்டும் இனிச் சொல்லாதே. ஷைனியிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். நான் பலமுறை வாயெடுத்துவிட்டு, உப்பு இருக்கா என்று கேட்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன். அவள் அப்பாவுக்கு மட்டும் என்றைக்கும் தெரியக் கூடாது.

நேற்று ஞாயிறு. மகளைப் பார்க்க மரியதாசன் வந்திருந்தார். ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு நெய்மீன், வாழையிலையில் சுற்றி. ஷைனி பொரித்தாள். உன் அப்பா அவரிடம் ரப்பர் விலையைப் பற்றிப் புலம்பினார். சாப்பிட்டுக் கை கழுவப் போகும்போது மரியதாசன் என்னிடம் ஒதுங்கி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அடுத்த மெதவை எப்பம் போடுவிய சம்பந்தியம்மா? குலையெல்லாம் ஒணக்கி வச்சிருக்கேன். இந்தத் தடவ இன்னும் நல்லா பாத்துக்கிடுதேன்."

"மழ கழியட்டும் சம்பந்தி" என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. துண்டை எடுத்துக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா